அடுப்பு அவளுடையது, கூரை அப்பத்தாவுடையது

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, காரைக்குடியிலும் சுற்றூர்களிலும் இருந்து வந்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, ஐயாமார்களே, வணக்கம்.

எலிசபெத் அசெவேடோ எழுதி 2019இல் வெளிவந்த ‘வித் த ஃபயர் ஆன் ஹை’ என்னும் இளையோர் நாவலின் நாயகி எமோனியைக் கரை சேர்த்தது கைம்மணமா, குடும்பத்தின் அரவணைப்பா என்பது இன்றைய பட்டிமன்ற வழக்கு. நான் குடும்பத்தின் பக்கம் நின்று பேசுகிறேன். பிலடெல்பியாவில் பள்ளியின் இறுதியாண்டில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் இரண்டு வயது மகள். பெற்ற தாய் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள். தகப்பனோ போர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறான். அவளையும் அவள் மகளையும் தாங்கி நிற்பது அப்பனைப் பெற்றவள், நம் வாய்வழக்கில் அப்பத்தா.

சமைத்ததை உண்டவர் கண் கலங்குகிறார், அது அவளுடைய தனித்திறம் என்று எதிரணித் தோழி உருகிப் பேசினார். திறம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், வட கரோலினாவில் இருக்கும் அவள் தாயின் உடன்பிறந்தாள் மின்னஞ்சலில் சமையல் பக்குவம் எழுதி அனுப்புவதையும், தாய்வழிச் சொந்தம் அறுந்துபோகாமல் அந்த எழுத்துகள் வழியாகவே அவளை வந்து சேர்வதையும் தோழி ஏன் விட்டுவிட்டார்? தோழி தனித்திறம் என்று பாராட்டிய அந்தச் சமையலுக்குள்ளேயே குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

நகரத்தார் வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்றொரு வழக்கம் உண்டு என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. மணமான மகனையும் மருமகளையும் தனிப் புள்ளியாக்கி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிட்டு, சாமான் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்ட வைப்பார்கள். உலை அவர்களுடையது, வளவு என்னும் உள்முற்றமும் வீட்டின் முகப்பும் எல்லோருக்கும் பொது. எமோனியின் அப்பத்தா செய்ததும் இதுதான். தாய்மையின் பொறுப்பைப் பேத்தியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல், அவள் உலை கொதிக்கும் வரை கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நம் ஊரில் தாலி ஏறாத பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து நின்றிருந்தால், எத்தனை வீட்டில் அவளுக்குப் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டிருப்பார்கள்? தாலி ஏறிவிட்டால் அதே வயதுக்கு வளைகாப்பே நடத்தியிருப்போம், பெண்ணின் திருமண வயது பதினெட்டு என்று சட்டம் இருந்தும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். அவர்களில் கைம்மணம் உள்ளவர்கள் இல்லாமலா போவார்கள்? அவர்களுக்கு வாய்த்த வீடு எது என்பதுதான் என் கேள்வி.

அப்பத்தாவைத் தியாகச் சிலையாக்கி மாலை போட வேண்டாம் என்பார் எதிரணியினர். நானும் போடவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த முதியவள் தனக்கென ஒரு துணையைச் சந்தித்து வருவது பின்னால் தெரிகிறதே, நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தன் வாழ்வையும் விடாமல்தான் அவள் பேத்தியைத் தாங்குகிறாள்.

மணி அடித்துவிட்டது. சமையல் வகுப்புத் தோழர்களோடு எமோனி ஸ்பெயினின் செவியா நகருக்குப் போய் அங்குள்ள சமையற்கூடத்தில் வேலை பழகுகிறாளே, அந்த நாட்களில் பிலடெல்பியாவில் அவள் மகளுக்குச் சோறூட்டியது எந்தக் கை என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும்.