காற்றாலையை எங்கே நடுவது?

அவையோருக்கு வணக்கம்.

காற்றாலையில் பறவைகள் அடிபட்டுச் சாகின்றன என்று யாராவது பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "பூனைகள் கொல்லும் பறவைகள் இதைவிடப் பல மடங்காச்சே!" கணக்கு சரிதான். ஆனால் பூனை குருவியைப் பிடிக்கும், கழுகைப் பிடிக்காது. குருவி ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரித்துவிடும். கழுகு கூடு கட்டத் தொடங்கவே நான்கைந்து வருடம் ஆகும். அப்புறமும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குஞ்சுதான். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுத் தலை எண்ணினால் கழுகு காணாமல் போவது கணக்கிலேயே தெரியாது.

கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் கணவாய் என்று ஓர் இடம். காற்று பிய்த்துக்கொண்டு போகும் இடம் என்று 1980-களில் அங்கே ஆயிரக்கணக்கில் சிறு காற்றாலைகளை நட்டார்கள். அந்தப் புல்மேடுகளில் தரை அணில்கள் ஏராளம். அணில் இருந்தால் கழுகு வரும். காற்றை அளந்தவர்கள் அணிலைப் பார்க்கவில்லை. பொன் கழுகுகள் அடிபட்டு விழுந்து, வழக்குகள் நடந்து, கடைசியில் பழையவற்றைக் கழற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைந்த பெரிய காற்றாலைகளை வைக்க வேண்டியதாயிற்று.

அவ்வளவு கூர்மையான கண் இருந்தும் கழுகு ஏன் மோதுகிறது? தூரத்திலிருந்து பார்த்தால் காற்றாலை ஆடி அசைந்து சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரியும். றெக்கையின் நுனியோ மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கிட்டே வந்தால் கண்ணுக்கு அது மங்கிப் போகும். அதோடு, இரை தேடும் கழுகு தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்தபடி பறக்கிறது. நேர் எதிரே இருப்பது அதன் பார்வைக்குள் வருவதில்லை. நார்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கடற்கழுகுகள் இப்படி அடிபட்டன. அங்கே நான்கு காற்றாலைகளில், மூன்று றெக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2020-இல் ஆய்வு வெளியானது. நான்கே நான்கு காற்றாலைகள்தான், அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வௌவால் விஷயத்தில் இதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. வௌவால்கள் அதிகம் சாவது காற்று மெல்ல வீசும் கோடைக் கடைசி இரவுகளில். அப்போது உற்பத்தியாகும் மின்சாரமும் சொற்பமே. அந்த நேரங்களில் மட்டும் றெக்கையை நிறுத்தி வைத்தால் போதும். அமெரிக்காவில் சோதித்தபோது சாவு பாதியளவுக்கும், சில இரவுகளில் அதற்கு மேலும் குறைந்தது; மின் இழப்பு ஆண்டுக் கணக்கில் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதைச் செய்ய மறுப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

எல்லாப் பாதிப்பும் செத்து விழுந்து கணக்கில் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிராவின் சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலைகள் இல்லாத பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். காற்றாலைகளுக்கு நடுவே விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. கொத்த ஆளில்லை என்றானதும் அவற்றுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மனிதர் கிட்டே வரும்வரை ஓடாமல் நின்றன. ஆனால் கூட்டம் கூடியதால் இரைக்குப் போட்டி. உடல் இளைத்து, தொண்டையின் நிறமும் மங்கியிருந்தது. மேலே பருந்து போனதால் கீழே ஓணானின் நிறம் மாறுகிறது, பாருங்கள்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். கோபுரத்தை மட்டும் பார்க்கிறோம், அதன் பாகங்களைக் குன்றின் மேல் ஏற்றப் போடும் சாலையை மறந்துவிடுகிறோம். அயர்லாந்தின் டெரிபிரையனில் 2003-இல் கட்டுமானத்தின்போது மலைச்சரிவின் சதுப்பு மண் சரிந்து ஆற்றில் இறங்கி மீன்களைக் கொன்றது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்யாததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

இரைச்சலைப் பற்றி நெதர்லாந்தில் கேட்டறிந்தபோது ஒன்று தெரிந்தது. காற்றாலையால் வருமானம் பெறுகிறவர்கள், பக்கத்திலேயே இருந்தும், அந்த 'விஷ்ஷ்' சத்தம் தொல்லை என்று அவ்வளவாகச் சொல்லவில்லை. காசு வாங்கினால் காது அடைத்துவிடுமா என்று கேலி செய்யலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மைக் கேட்காமல் யாரோ நம் தலைமாட்டில் வைத்தது என்ற எரிச்சலும் சத்தத்தோடு சேர்ந்தே கேட்கிறது.

கோபன்ஹேகன் கடலில் மிடில்குருண்டன் காற்றாலைகளுக்கு முதலில் போட்ட திட்டம் மூன்று வரிசையில் 27. மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, 20-ஆகக் குறைத்து ஒரே வளைவாக நிறுத்தினார்கள். 2000-இல் ஓடத் தொடங்கியது. பாதி சொந்தம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு; உறுப்பினர்கள் 8,000-க்கும் மேல். நார்வேயின் ஃபோசனில் நடந்தது நேர்மாறு. துருவ மான் மேய்க்கும் 'சாமி' (Sámi) என்ற பழங்குடி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள். அந்த உரிமம் அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் எல்லாம் கட்டி முடித்து ஓட ஆரம்பித்துவிட்டன. பிடுங்கவும் இல்லை, இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று உடன்பாடு முடிய 2024 ஆகிவிட்டது.

'அப்படியென்றால் நிலக்கரியே மேல் என்கிறீர்களா?' என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். இல்லை ஐயா. சுரங்கமும் சாம்பலும் புகையும் செய்யும் கேட்டுக்கு முன் இது நிற்காது. காற்றாலை வரட்டும். இடம் முடிவாகும் முன்பே ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும், அங்கே எந்தப் பறவை எந்த உயரத்தில் பறக்கிறது என்று எண்ணச் சொல்கிறேன். எண்ணுகிறவருக்குச் சம்பளம் அந்த நிறுவனத்திடமிருந்து நேராகப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டு?