கைது, காவல், கொத்தடிமை: எந்தச் சொல் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

சுதந்திரம் என்பதற்குத் தமிழில் சொற்கள் குறைவு. அது இல்லாத நிலைக்கோ ஏராளம். ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால், சொல்லப்படுபவரின் நிலையே மாறிப்போகும். செய்தி எழுதுகிறவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

'கைது' என்பதில் 'கை' இருப்பதால் கையைப் பிடிப்பதிலிருந்து வந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இது அரபுச் சொல். மூலத்தில் கட்டு, சிறை என்று பொருள். தமிழில் 'கைது' பிடிக்கும் செயலளவுக்குச் சுருங்கிவிட்டது. 'கைதி' மட்டும் பழைய பொருளை விடவில்லை. அதனால்தான் காலையில் கைதானவரை மாலையில் 'கைதி' என்று எழுதினால் காதில் இடிக்கிறது. சிறைக்குள் போன பிறகும் அவர் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்று சொல்லியாக வேண்டும். முதல் வகையினரின் குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. தீர்ப்புக்கு முன் 'குற்றவாளி' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

அதிகக் குழப்பம் 'காவல்' என்ற சொல்லில்தான். காப்பதற்கும் அதுவே, அடைப்பதற்கும் அதுவே. இந்தியச் சட்டப்படி, கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முன் நிறுத்த வேண்டும். அதன்பிறகு நடுவர் அனுமதித்தால் போலீஸ் காவல். பொதுவாக மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. நீதிமன்றக் காவல் என்றால் நீதிமன்றத்தில் உட்கார்த்தி வைப்பதல்ல, இருப்பது சிறையில்தான். மூன்றாவது, தடுப்புக் காவல். செய்த குற்றத்துக்காக அல்ல, இனிச் செய்யக்கூடும் என்ற கணிப்பில் வைப்பது. 3 மாதத்துக்கு மேல் நீட்ட ஆலோசனைக் குழு ஒப்ப வேண்டும். இங்கே வழக்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆகவே 'தடுப்புக் காவல் தண்டனை' என்ற தொடர் தன்னைத்தானே மறுக்கிறது. 'கடுங்காவல்' வேறு. இருட்டறையில் போட்டுப் பூட்டுவதாக அந்தச் சொல் மிரட்டினாலும், கட்டாய உழைப்போடு கூடிய சிறைத் தண்டனை என்பதே பொருள்.

'சிறை'யும் ஒரு காலத்தில் காப்பைக் குறித்த சொல்தான். 'செருவந்த போழ்திற் சிறைசெய்யா வேந்தன்' என்று குறள் பழிப்பது, போர் வருமுன் அரண் அமைத்துக்கொள்ளாத அரசனை. பறவையின் இறகுக்கும் சிறை என்றே பெயர். பறக்க உதவுவதற்கும் பறக்க விடாததற்கும் ஒரே சொல்!

'அடிமை'க்கு வருவோம். இங்கே கவனிக்க வேண்டியது வினை. 'மக்கள் அடிமைப்பட்டனர்' என்றால் மழையில் நனைந்த மாதிரி, தானாக நேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. 'அடிமைப்படுத்தினர்' என்றால் யார் என்ற கேள்வி எழும், எழுவாயைச் சொல்லியே தீர வேண்டும். படு, படுத்து என்ற இரண்டுக்கும் நடுவில் குற்றம் செய்தவன் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

கொத்தடிமை என்றதும் பூட்டையும் சங்கிலியையும் தேடுகிறோம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குப் பூட்டுத் தேவையில்லை. வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைப்பது, வேறு வேலைக்குப் போக முடியாதது, விரும்பிய இடத்துக்கு நடமாட முடியாதது, இவற்றில் ஒன்றே போதும். 'கதவு திறந்துதானே இருந்தது' என்பது பதிலாகாது, கட்டியிருப்பது கடன். அந்தக் கடனும் இச்சட்டப்படி செல்லாது. அப்படியிருக்க, வெளியேறியவரைப் பற்றி 'முன்பணத்தைக் கொடுக்காமல் தப்பியோடினார்' என்று எழுதுவது முதலாளியின் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதுவது.

'ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்' என்பதும் அப்படியொரு தவறு. தண்டனை வாழ்நாள் முழுவதற்கும்தான். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில், அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விடுவதற்கு முன் கழிய வேண்டிய குறைந்தபட்சக் காலமே 14 ஆண்டு.

கடைசியாக, 'ஜாமீனில் விடுதலை'. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. ஜாமீனில் ஒருவர் வெளியே வருகிறார், அவ்வளவுதான். வழக்கு அப்படியே நிற்கிறது. அவர் தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வணக்கம்.