வீதி விபத்து வரைபு வந்தால் எப்படி எழுதுவது? ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங் டாஸ்க் 1

வணக்கம், திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். ஐஈஎல்டிஎஸ் அகடமிக், அதாவது மேல்படிப்புக்கான ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கான வீடியோ இது. அதன் எழுத்துப் பகுதியில், ஒரு வரைபைப் பார்த்து அதை விவரித்து எழுதுவதுதான் டாஸ்க் 1. அதில் வீதி விபத்து பற்றிய வரைபு ஒன்று வந்தால் பலர் உடனே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள், கோடு ஏறுகிறது, கோடு இறங்குகிறது என்று. 20 நிமிடம்தான், 150 சொல்லாவது வேண்டும், அவசரம் புரிகிறது. ஆனாலும் முதல் ஒரு நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். அந்த வரைபில் எதை எண்ணியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

விபத்துகளின் எண்ணிக்கையா, காயமடைந்தவர்களா, இறந்தவர்களா? மூன்றும் வேறு வேறு. ஒரு பஸ் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்தால் விபத்து ஒன்று, மரணம் ஐந்து. "விபத்துகள் குறைந்தன" என்று நீங்கள் எழுதி, வரைபில் இருந்தது மரணங்கள் என்றால், ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தகவல் பிழை. டாஸ்க் அச்சீவ்மென்ட், அதாவது கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துப் புள்ளி போடும் பகுதியில் அது நேராக அடிக்கும்.

[திரையில்: இரண்டு சலாகை வரைபுகள் பக்கத்தில் பக்கத்தில், 2010, 2021]

இப்போது உண்மையான எண்களையே எடுப்போம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வீதிப் பாதுகாப்பு அறிக்கைப்படி, 2021இல் உலகம் முழுக்க வீதி விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். 2010இல் சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம். அதாவது ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. சரி, இடது பக்க வரைபு இதுதான். வலது பக்கத்தைப் பாருங்கள், அங்கே ஒரு லட்சம் பேருக்கு எத்தனை மரணம் என்று போட்டிருக்கிறது. 2021இல் அது 15, 2010ஐ விட 16 சதவீதம் குறைவு. ஒரே உலகம், அதே ஆண்டுகள், ஒன்று 5 என்கிறது, மற்றது 16 என்கிறது. இரண்டும் உண்மை. இடையில் உலக சனத்தொகை கூடிவிட்டது, அதனால் எண்ணிக்கை கொஞ்சமாகக் குறைந்தாலும் வீதம் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

நம் ஊரை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 லட்சம் பேர், திருகோணமலை மாவட்டத்தில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். ஆறு மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் கொழும்பில் மரணங்கள் ஆறு மடங்கு கூட இருந்தால்கூட, ஒரு லட்சம் பேருக்கு என்று பிரித்துப் பார்க்கும்போது இரண்டு மாவட்டமும் ஒரே இடத்தில்தான் நிற்கும். சலாகை உயரமாக இருக்கிறது என்பதற்காக "கொழும்பு வீதிகள்தான் ஆபத்தானவை" என்று எழுதிவிடாதீர்கள். வரைபு அப்படிச் சொல்லவே இல்லை.

[திரையில்: வட்ட வரைபு]

அடுத்தது பங்கு. அதே அறிக்கையில், 2021இல் இறந்தவர்களில் 30 சதவீதம் நான்கு சக்கர வாகனங்களில் போனவர்கள், 23 சதவீதம் நடந்து போனவர்கள், 21 சதவீதம் மோட்டார் சைக்கிள், ஓட்டோ மாதிரியான இரண்டு மூன்று சக்கர வாகனங்களில் போனவர்கள், 6 சதவீதம் சைக்கிள்காரர்கள், 3 சதவீதம் மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களில் போனவர்கள். கூட்டிப் பாருங்கள், 83தான் வரும். மிச்சம் 17ஐ "மற்றவை" என்று ஒரு துண்டாகக் காட்டியிருப்பார்கள், அதை விழுங்கிவிட வேண்டாம், அரை வசனம் போதும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: 30க்கும் 23க்கும் இடையில் இருப்பது 7 சதவீதம் அல்ல, 7 சதவீதப் புள்ளிகள், பெர்சென்டேஜ் பொயிண்ட்ஸ். 30 என்பது 23ஐ விட ஏறக்குறைய 30 சதவீதம் பெரியது. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் போட்டால், எண்ணைப் புரிந்துகொண்டுதான் எழுதுகிறீர்கள் என்பது பரீட்சகருக்குத் தெரியும்.

இனி ஓவர்வியூ, வரைபு மொத்தத்தில் என்ன காட்டுகிறது என்று சொல்லும் சுருக்கம். இதை விட்டுவிட்டு எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இரண்டு வசனத்தில் முடிகிற வேலை இது, இல்லாவிட்டால் புள்ளி அடிபடும். எண் எதுவும் வேண்டாம், பெரிய படம் மட்டும். நாம் பார்த்த இரண்டு சலாகை வரைபுகளுக்கு இப்படி எழுதலாம்: "ஓவரோல், த நம்பர் ஒஃப் டெத்ஸ் ஃபெல் ஸ்லைட்லி, வைல் த ரேட் பேர் ஹண்ட்ரட் தௌசண்ட் பீப்பிள் ஃபெல் மோர் ஷார்ப்லி." அவ்வளவுதான். எண்களெல்லாம் அதற்குப் பிறகு வரும் பந்திகளில். அங்கேயும் எல்லா எண்ணையும் வரிசையாக ஒப்புவிக்காதீர்கள். எது பெரியது, எது மாறியது, எது மாறவில்லை, எதற்கும் எதற்கும் ஒப்பீடு, அதைத்தான் கேட்கிறார்கள்.

காரணம் எழுதலாமா என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். கூடாது. எனக்கே இது கஷ்டமான பதில். பின்னேரத்தில் நிலாவெளி வீதியில் நின்றால் தெரியும், அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், பெற்றோல் டாங்கியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெறுந்தலையோடு போகும். ஹபரணைப் பக்கம் இரவில் யானை, ஊருக்குள்ளே மாடு. 5 வயதிலிருந்து 29 வயது வரையானவர்களை உலகத்தில் அதிகமாகக் கொல்வது வீதி விபத்துதான், இந்த வீடியோவைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதுக்காரர்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். டாஸ்க் 1 கேட்பது வரைபில் இருப்பதை மட்டும். அதில் வேகம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் வேகத்தைப் பற்றி எழுத உங்களுக்கு அனுமதி இல்லை, "அரசாங்கம் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்" என்பதும் கூடாது.

அதற்கெல்லாம் டாஸ்க் 2 இருக்கிறது, உங்கள் கருத்தைச் சொல்லும் கட்டுரை. 40 நிமிடம், 250 சொல், புள்ளியும் இரண்டு மடங்கு. வீதிப் பாதுகாப்பு அங்கே தலைப்பாக வந்தால் ஹெல்மெட்டையும் மாட்டையும் தாராளமாகக் கொண்டுவாருங்கள், நம் ஊர் உதாரணம் என்று தயங்க வேண்டாம். டாஸ்க் 1இல் நேரத்தைக் கரைத்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தை வினைச்சொல்லுக்கு வையுங்கள். 2010, 2021 என்று முடிந்துபோன ஆண்டுகள் என்றால் முழுக்க இறந்த காலம். 2030க்கான எதிர்பார்ப்பு ஒன்று வரைபில் இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் "இஸ் எக்ஸ்பெக்டட் டு".