வான்கோழியின் 'ரத்தக் கழிச்சலில்' ரத்தம் எங்கே?

(திரையில்: ஆழ்கூளக் கொட்டகை. ஐந்து வார வான்கோழிக் குஞ்சு ஒன்று இறகு சிலிர்த்து, தலை தொங்க, மூலையில் நிற்கிறது.)

இந்தக் குஞ்சைக் கொஞ்சம் பாருங்கள். நேற்றுவரை தீவனத் தொட்டியில் முண்டியடித்த குஞ்சு. இன்று எச்சம் தண்ணீராக, சளி கலந்து, வெளிறிப் போகிறது. ரத்தம் இல்லை. வளர்ப்பவர் என்ன நினைப்பார்? "ரத்தம் இல்லையே, அப்போ ரத்தக் கழிச்சல் இல்லை." வெள்ளையாகப் போகிறதே, வெள்ளைக் கழிச்சலாக இருக்குமோ என்று பயப்படுவார். அந்தக் குழப்பத்திலேயே இரண்டு நாள் ஓடிவிடும். குஞ்சுகளுக்கு அந்த இரண்டு நாள் மிகப் பெரிது.

வணக்கம் நண்பர்களே. காக்சிடியோசிஸ் என்ற நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் ரத்தக் கழிச்சல். கோழிக்கு அது பொருத்தமான பெயர்தான். எய்மீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணி கோழியின் குருட்டுக்குடலைத் தாக்கினால் எச்சம் சிவந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. வான்கோழியில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மோசமான தொற்றில் லேசான ரத்தச் சாயல் தெரியலாம், அவ்வளவுதான். கோழிக்கு வைத்த பெயரை வான்கோழிக்கும் சூட்டியதில் வந்த வினை இது.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். எய்மீரியா ஒரு செல் உயிரி. எச்சத்தில் ஊசிஸ்ட் என்ற ஓட்டுக்கூடாக வெளியே வரும். கூளத்தின் ஈரத்திலும் சூட்டிலும் ஓரிரு நாளில் முதிரும். அதைக் குஞ்சு கொத்தினால், குஞ்சின் அரைவைப்பையே அந்த ஓட்டை உடைத்துக் கொடுக்கும். உள்ளிருந்து எட்டு உயிரிகள் கிளம்பிக் குடல் சுவருக்குள் நுழைந்து பெருகும். கோழியின் எய்மீரியா வான்கோழிக்கு வராது, வான்கோழியுடையது கோழிக்குப் போகாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: வான்கோழிக் குடலின் படம், மேலிருந்து கீழாக.)

வான்கோழியில் ஏழு எய்மீரியா இனங்களை விவரித்திருக்கிறார்கள். அவற்றில் மிகவும் கெடுதல் செய்பவை இரண்டு: அடினாய்டிஸ், மெலியாக்ரிமிட்டிஸ். கல்லோபாவோனிஸும் சேதம் செய்யும். டிஸ்பெர்சா அவ்வளவு கடுமையானது அல்ல. இன்னோகுவா என்றும் ஓர் இனம் உண்டு, அந்த லத்தீன் சொல்லுக்கே தீங்கற்றது என்றுதான் பொருள். பெயர்களைக் கேட்டுத் தலை சுற்றினால் உங்கள் மேல் தவறில்லை. வான்கோழியின் அறிவியல் பெயர் மெலியாக்ரிஸ் கல்லோபாவோ. மெலியாக்ரிடிஸ், மெலியாக்ரிமிட்டிஸ், கல்லோபாவோனிஸ் மூன்றும் அந்த ஒரு பெயரிலிருந்தே வந்தவை. மெலியாக்ரிடிஸ் பெரிய தொல்லை தராது, மெலியாக்ரிமிட்டிஸ் குஞ்சுகளைக் கொல்லும். இப்படி அருகருகே பெயர் வைத்தது நல்லதல்ல என்பது என் கருத்து.

போஸ்ட்மார்ட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, குடலில் சேதம் எங்கே என்பதை. சிறுகுடலின் மேல்பாதி வீங்கிச் சிவந்து, உள்ளே சளி நிறைந்திருந்தால் மெலியாக்ரிமிட்டிஸ் மேல் சந்தேகம் போகும். குருட்டுக்குடலின் சுவர் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போல வெள்ளைத் திரள் அடைத்திருந்தால் அடினாய்டிஸ். ஆனால் குருட்டுக்குடலில் திரள் இருக்கும்போது கல்லீரலையும் பார்த்துவிடுங்கள். அங்கே வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புண்கள் இருந்தால் அது பிளாக்ஹெட் என்ற வேறு நோய், வேறு ஒட்டுண்ணி. கோழிகளோடு சேர்த்து வளர்க்கும் வான்கோழிக்கு அந்த ஆபத்து அதிகம்.

அடுத்து மைக்ராஸ்கோப். மெலியாக்ரிமிட்டிஸ் கூடு சிறியது, நீளம் சுமார் 19 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடினாய்டிஸ் நீள்வட்டமானது, சுமார் 25 மைக்ரான் நீளம், 16 அல்லது 17 அகலம். ஒரு மில்லிமீட்டருக்குள் நாற்பது அடினாய்டிஸ் வரிசையாக நிற்கலாம். பல காலமாக இந்த அளவுப் பட்டியலை நம்பித்தான் இனம் சொல்லி வந்தார்கள்.

இனி சொல்லப்போவதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

(திரையில்: இரண்டு ஊசிஸ்ட்கள். ஒன்று நீளமானது, ஒன்று சிறியது, உருண்டை வாக்கில்.)

இவற்றைப் பார்த்தால் ஒரே இனம் என்று சொல்வீர்களா? நான் சொல்லியிருக்க மாட்டேன். 2011-இல் செக் குடியரசின் ஆய்வாளர்கள் இப்படி இரண்டு வகைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பட்டியலை வைத்து அளந்தால் இரண்டு இனம். டிஎன்ஏவைப் பார்த்தால் இரண்டுமே அடினாய்டிஸ்! அதோடு அவர்கள் நிற்கவில்லை, வான்கோழியிடமே கேட்டார்கள்.

எப்படிக் கேட்பது? ஓர் எய்மீரியா இனத்தின் தொற்றிலிருந்து மீண்ட பறவைக்கு அந்த இனத்தின்மேல் எதிர்ப்பாற்றல் வந்துவிடும். ஆனால் அந்த ஓர் இனத்துக்கு மட்டும்தான். மெலியாக்ரிமிட்டிஸிலிருந்து பிழைத்த குஞ்சு, அடுத்த வாரம் அடினாய்டிஸில் சாகலாம். இதையே சோதனையாக மாற்றலாம். முதல் வகையைக் கொடுத்துத் தேறிய பறவைக்கு இரண்டாவது வகையைக் கொடுங்கள். நோய் வந்தால் வேறு இனம், வராவிட்டால் அதே இனம். அமெரிக்காவில் எர்னஸ்ட் டைசர் என்ற ஆய்வாளர் 1920-களிலேயே இப்படி இனம் பிரித்தார். மரபுச் செய்தி டிஎன்ஏவில்தான் இருக்கிறது என்றே தெரியாத காலம் அது! வான்கோழியின் மெலியாக்ரிடிஸ், மெலியாக்ரிமிட்டிஸ், பிளாக்ஹெட் கிருமிக்கு இன்றுள்ள ஹிஸ்டோமோனாஸ் என்ற பேரினப் பெயர், எல்லாம் டைசர் கொடுத்தவை. அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. செக் ஆய்விலும் பறவை அதே பதிலைத்தான் சொன்னது. இரண்டு கூடுகளும் ஒரே இனம். மைக்ராஸ்கோப்பை வைத்து நாம் பிரித்ததை வான்கோழியின் உடல் பிரிக்கவில்லை.

அப்போ டிஎன்ஏ பார்த்தால் முடிந்ததா? அங்கேயும் ஒரு சிக்கல். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜான் பார்ட்டாவின் குழு, ஒரே ஓர் ஊசிஸ்ட்டை எடுத்துக் குஞ்சுக்குக் கொடுத்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்தது. பண்ணை எச்சத்தில் பல இனங்கள் கலந்திருக்கும், அதனால்தான் இந்தப் பாடு. அப்படி வளர்த்த மெலியாக்ரிமிட்டிஸில், இனம் காண எல்லோரும் பயன்படுத்தும் 18எஸ் மரபணு இரண்டு வேறு வடிவங்களில் இருந்தது. 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டிலிருந்து வந்த சந்ததிக்குள் ஒரே மரபணு இரண்டு விதம்! தெரியாமல் படிப்பவர் இரண்டு இனம் என்று எழுதிவிடுவார். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் மரபணு இந்த வேலைக்கு நம்பகமானது என்று அவர்கள் காட்டினார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். தடுப்பு மருந்து, அதாவது வேக்சின், வேலை செய்வதே அந்த ஓர் இன எதிர்ப்பாற்றலை நம்பித்தான். உங்கள் கொட்டகையில் இருக்கும் இனம் அந்த வேக்சினில் இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று, தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். கறிக்கோழித் தீவனத்தில் காக்சிடியோசிஸைத் தடுக்கச் சேர்க்கும் சாலினோமைசின், நாராசின் இரண்டும் வான்கோழிக்கு நஞ்சு. கோழிக்குப் பாதுகாப்பான அதே அளவில், வளர்ந்த வான்கோழி கால் விழுந்து படுத்துவிடும், செத்தும் போகும். மூட்டையின் லேபிளைப் படிக்காமல் கோழித் தீவனத்தை வான்கோழிக்குக் கொட்டாதீர்கள்.

குஞ்சு செத்தால் வெயிலில் போட்டுவைக்காமல், குளிர்ச்சியான பெட்டியில் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நேரமானால் குடல் அழுகிவிடும், சேதம் எங்கே என்பதே தெரியாது. புதிய எச்சத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. வான்கோழிக் குஞ்சுக்கு வரும் இந்தச் சளிக் கழிச்சலை உங்கள் ஊரில் என்ன பெயரில் சொல்கிறார்கள்? ரத்தம் என்ற சொல் இல்லாத பெயர் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்தப் பெயரிலேயே பேசுகிறேன்.