எச்சரிக்கையை அழிக்கும் நொதி பாக்டீரியாவுக்கு எதற்கு?

வணக்கம். பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் வைரஸ்களை எதிர்க்கப் பயன்படுத்தும் கிரிஸ்பர் என்னும் அமைப்பு பற்றிய சென்ற உரையைக் கேட்டுவிட்டு அரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பிய கேள்வி என்னை மிகவும் மகிழ்வித்தது. "வைரஸ் நுழைந்ததை அறிவிக்கும் மூலக்கூறைத் தயாரிக்கும் செல்லே அதை வெட்டி அழிக்கும் நொதியையும் வைத்திருக்கிறது என்றீர்கள். இது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வது ஆகாதா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது. மூன்றாம் வகைக் கிரிஸ்பர் அமைப்பில், வைரசின் ஆர்.என்.ஏ. சிக்கியதும் காஸ்10 என்னும் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து அடினைன் அலகுகளாலான சிறு வளையங்களை உருவாக்கத் தொடங்குகிறது. மாணவி சொன்ன எச்சரிக்கை மூலக்கூறு இவ்வளையங்களே. யோகர்ட் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் புரதங்களைக் கொண்டு 2017-இல் இதைக் கண்டறிந்தார்கள். இவ்வளையங்கள் தட்டியெழுப்பும் வேறு நொதிகள், எதிர்ப்படும் ஆர்.என்.ஏ.வையெல்லாம், வைரசினுடையது தன்னுடையது என்று பாராமல் துண்டாக்குகின்றன. சிக்கிய ஓர் ஆர்.என்.ஏ.வுக்குச் சுமார் 1000 வளையங்கள் உருவாகக்கூடும் என்பதை இங்கே மனத்தில் வையுங்கள். அந்த ஆர்.என்.ஏ. அழிந்து காஸ்10 ஓய்ந்துவிட்டாலும், ஏற்கெனவே உருவான வளையங்கள் செல்லுக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எதிர்ப்பு எழுவதைப் போலவே அடங்குவதும் நோயெதிர்ப்பின் வேலைதான் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி வயலில் யானைக்கூட்டம் இறங்கினால் ஊரே தீப்பந்தமும் பட்டாசுமாகத் திரண்டு விரட்டும். யானைகள் காட்டுக்குத் திரும்பிய பிறகும் நாம் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், அவை மிதிக்காமல் விட்ட பயிரை நாமே மிதித்துவிடுவோம். செல்லுக்குள் அப்படி நேராமல் காப்பது வளைய நியூக்ளியேஸ் என்ற நொதி. 2018-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மால்கம் வைட் குழுவினர் இதனை வெந்நீர் ஊற்றுகளில் வாழும் சல்ஃபோலோபஸ் என்னும் ஆர்க்கியாவில் (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறு இனமான ஒற்றைச்செல் உயிரி) கண்டறிந்தனர். நான்கு அலகு வளையத்தை அது இரண்டு பாதிகளாக வெட்டுகிறது, அதுவும் மெதுவாக. தொற்று நடக்கும்போது எச்சரிக்கை நிலைத்திருக்கவும், முடிந்தபின் மறையவும் அந்த நிதானமே வழி செய்கிறது.

மாணவி இன்னும் ஒன்றைக் கேட்டிருக்கலாம் என்பது என் ஆசை: வளையத்தை வெட்டினால் எதிர்ப்பு அடங்கும் என்றால், வைரஸ் அந்த வழியை விட்டுவைக்குமா? விட்டுவைக்கவில்லை. 2020-இல் அதே குழுவினர் விவரித்த ஏசிஆர்III-1 என்னும் வைரஸ் நொதி அதே வளையத்தைப் பல மடங்கு வேகமாக வெட்டுகிறது. செல்லின் நொதி தொற்று ஓய்ந்தபின் செய்வதை, இது தொற்றின் தொடக்கத்திலேயே செய்துவிடுகிறது. ஆகவே வேதிவினை ஒன்றேயானாலும், நொதியின் வேகமும் அது செயல்படும் நேரமுமே யாருக்கு நன்மை என்பதைத் தீர்மானிக்கின்றன. வேறு வகை வளைய மூலக்கூறுகளால் இயங்கும் சிபாஸ் என்னும் மற்றொரு பாக்டீரிய எதிர்ப்பமைப்பை முடக்க, பாக்டீரியாவைத் தாக்கும் வைரசான டி4 ஃபேஜிடம் ஏசிபி1 என்ற நொதி இருப்பது 2022-இல் வெளியானது.

நம் உடலிலும் இதே கதைதான். செல்லுக்குள் அந்நிய டி.என்.ஏ. நுழைந்தால் சிகேஸ் என்னும் நொதி எச்சரிக்கையாக ஒரு வளையத்தை உருவாக்கும். பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ் அதைப் பாக்சின் என்னும் நொதியால் வெட்டுகிறது. செல்லுக்கு வெளியே கசியும் அவ்வளையங்களை வெட்டுவதற்கு நம்மிடமே இஎன்பிபி1 என்ற நொதியும் இருக்கிறது.