ஊசி, பேனா, பம்ப்

நேயர்களுக்கு வணக்கம். இன்சுலின் என்ற மருந்தைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது அது உடம்புக்குள் போகும் வழியைப் பற்றி. இந்தச் சாதனங்களில் எது விற்கிறது, எது விற்காமல் கிடக்கிறது என்று பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். எனக்குப் பட்டது இதுதான்: சர்க்கரை நோயாளிகள் ஊசிக்குப் பயப்படுவதைவிட, ஊசியைச் சுற்றியிருக்கிற வேலைக்குத்தான் அதிகம் சலித்துக்கொள்கிறார்கள்.

1922-ல் டொராண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் போட்ட காலத்தில் கண்ணாடி சிரிஞ்ச்தான். கொதிக்க வைக்க வேண்டும், முனை மழுங்கினால் தீட்ட வேண்டும். தூக்கியெறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் பிற்பாடு வந்தது. 1985-ல் டென்மார்க்கிலிருந்து நோவோபென் என்ற இன்சுலின் பேனா வந்தது. மருந்து பேனாவுக்குள்ளேயே இருக்கும், பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடலாம். கவனியுங்கள், ஊசி எங்கும் போகவில்லை. வேலைதான் குறைந்தது.

சரி, ஊசியையே ஒழித்துவிட்டால்? இங்கே எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. 2006-ல் ஃபைசர் நிறுவனம் எக்ஸுபெரா என்று மூச்சில் இழுக்கும் இன்சுலினை விற்பனைக்கு விட்டது. ஊசியே இல்லாத இன்சுலின்! பிய்த்துக்கொண்டு போகும் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அடுத்த வருடம் அக்டோபரிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். கணக்கில் எழுதிய இழப்பு 280 கோடி டாலர்.

என்ன ஆயிற்று? முதலில் அந்தக் கருவியின் பருமன். டென்னிஸ் பந்து அடைத்து வரும் டப்பா அளவு இருந்தது. சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் நடுவில் யார் அதை எடுத்து மூச்சிழுப்பார்கள்? அப்புறம் அளவு. காலமெல்லாம் யூனிட்டில் எண்ணிப் பழகியவர்களிடம் மில்லிகிராம் கணக்கைக் கொடுத்தார்கள். 1 மில்லிகிராம் ஏறக்குறைய 3 யூனிட்; 3 மில்லிகிராமோ 9 அல்ல, 8. 1 மில்லிகிராம் மருந்துப் பொட்டலம் மூன்று, 3 மில்லிகிராம் பொட்டலம் ஒன்றுக்குச் சமமில்லை, அதைவிடக் கூடுதலாகவே இரத்தத்தில் ஏறும். போதாததற்கு நுரையீரல் பரிசோதனை வேறு. புகைப்பவர்கள் தொடவே கூடாது. இவ்வளவு பாடுபட்டும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் தேவைப்பட்டவர்கள் அதை ஊசியில்தான் போட்டாக வேண்டும்! நான் முதலிலேயே சொன்னேனே, ஊசி அல்ல, வேலை. எக்ஸுபெரா ஊசியைக் குறைத்து வேலையைக் கூட்டியது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் என்னால் பேச்சை முடிக்க முடியாது. குப்பியில் 40 என்றிருந்தால், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றால், சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றால் 100. மாற்றிப் போட்டால் மருந்து இரண்டரை மடங்கு ஏறலாம், அல்லது பாதிகூடப் போகாமல் இருக்கலாம். வாங்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். உடம்போடு வைத்துக்கொண்டு நாள் முழுக்க இன்சுலினைச் செலுத்தும் பம்ப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1960-களில் முதுகில் சுமக்கும் மூட்டை மாதிரி இருந்தது. 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி என்ற பம்ப், சர்க்கரையை அளக்கும் சென்சாரைப் பார்த்து அடிப்படை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைத்தது. ஆனால் பம்பை ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். குழாயையும் சென்சாரையும் சில நாளைக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவனங்களுக்குத் தொடர்ந்து வரும்படி தருவது அதுதான்.

கடைசியாக ஒன்று. சந்தை பின்னோக்கியும் நடக்கும். தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் (மனித உடம்பு சுரப்பதைப் போலவே தயாரித்த இன்சுலின்) பேனா வருவது நின்றுபோனது 2024-ல் செய்தியானது. பேனாவுக்குப் பழகியவர்கள் மறுபடி குப்பியும் சிரிஞ்சுமாக உட்கார வேண்டியதாயிற்று. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.