செட்டிநாட்டுத் தெருவுக்கு எது அழகு?

வணக்கம் மக்களே! செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் நிற்கிறேன். ‘தெருவை அழகுபடுத்துகிறோம்’ என்று நம் ஊர்களில் வேலை ஆரம்பித்தாலே முதலில் பெயின்ட் டப்பா வரும், அப்புறம் பேவர் பிளாக் வரும். இந்த ஊருக்கு அது ரெண்டுமே வேண்டாம் என்பேன். ஏன் என்று காட்டுகிறேன், வாருங்கள்.

இந்தச் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. சரி, ரெண்டடி தள்ளி வாருங்கள். இங்கே அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். லேசாகத் தட்டுகிறேன், கேட்கிறதா? பொத்து பொத்தென்று சத்தம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும். பெயின்ட் உரியும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். இதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அடுத்தது தெரு. இங்கே பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டிலிருந்து வெளியேறும் மழைத் தண்ணீர் தெரு வாய்க்காலில் இறங்கி, சரிவிலேயே ஓடி ஊர்க் குளமான ஊருணிக்குப் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் என்ன ஆகும்? தெரு உயரும், வாசற்படி புதையும், ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் தேங்கும். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை நடந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள், விடாதீர்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாலு பெரிய வீட்டுக்காக மட்டும் இல்லை, தெரு வரிசை, ஊருணி எல்லாம் சேர்த்துத்தான். அதனால் கையில் காசு இருந்தால் முதலில் வாய்க்காலைத் தூர்வாருங்கள். அந்த முகப்பில் கஜலட்சுமி சுதைச் சிற்பம் இருக்கிறது, ஆனால் குறுக்கே போகிற கேபிள் ஒயர்தான் கண்ணில் படுகிறது. அதை ஒதுக்கிக் கட்டுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இருந்தால் எந்த ஊர் என்று கமென்டில் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் நேரில் வந்து அந்த வேலையை வீடியோ எடுத்துப் போடுகிறேன்.